ஆலப்புழையில் அஞ்சு நாள், மூணு வாண்டுகள், ஒரு பச்சை வாளி

முதல் நாள்: ஈரோடு முதல் ஆலப்புழை வரை

அரையாண்டு லீவு விட்ட மறுநாளே கிளம்பிவிட்டோம். வண்டியில் ஆறு பேர். நான், வீட்டுக்காரர், ஒன்பது வயது மகள், ஐந்து வயதுச் சின்னவன், பன்னிரண்டு வயதாகிவிட்டதால் தன்னைப் பெரிய மனுஷன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் அக்கா பையன், அப்புறம் என் அம்மா. ஹவுஸ்போட் போகணும் என்று மூன்று வருஷமாகப் பேசிப் பேசி, போன மாசம்தான் பணத்தைக் கட்டினோம். கட்டின பிறகுதான் எனக்கு உறைத்தது. இருபது மணி நேரம் சுத்தியும் தண்ணி, நடுவில் இந்த மூணு பேர். இவர்களை என்ன செய்வது?

அதனால் நேற்று ராத்திரி பிள்ளைகளுக்கென்றே தனியாக ஒரு பை கட்டினேன். 24 கலர் பென்சில், வரைகிற நோட்டு இரண்டு, பாம்புக் கட்டம், ஊனோ சீட்டு, களிமண் டப்பா, எல்லாவற்றுக்கும் மேலே கார்ட்டூன் இறக்கி வைத்த டேப். அம்மா அந்தப் பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், அவர் பங்குக்கு ஒரு நூல்கண்டு, தாயக்கட்டை, சாக்பீஸ் நாலு, பச்சை பிளாஸ்டிக் வாளி ஒன்று கொண்டுவந்து வண்டியில் வைத்தார். வாளி எதுக்கு என்றேன். "சின்னவன் வாந்தி எடுப்பான்ல கண்ணு" என்றார்.

எடுத்தான். வாளையார் தாண்டுவதற்குள் ஒரு தடவை, பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு தடவை.

மற்றபடி வண்டிப் பயணம் பரவாயில்லை. திருச்சூருக்கு முன்னால் குதிரான் சுரங்கம் வரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வது என்று அக்கா பையன் ஒரு போட்டி வைத்தான். 2021இல் திறந்த சுரங்கம், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம். அறுபதில் போனால் ஒரு நிமிஷம் ஆகிறது, ஐந்து வயசுக்காரனால் எங்கே முடியும்? கன்னத்தை மட்டும் உப்ப வைத்துக்கொண்டு மூக்கால் சுகமாக மூச்சு விட்டபடி வந்தான். ஜெயித்ததாக அவனே அறிவித்துக்கொண்டான். சபரிமலை சீசன் வேறு, வழியெல்லாம் மாலை கட்டிய சாமி வண்டிகள், அவற்றை எண்ணுவதில் இன்னொரு மணி நேரம் ஓடியது. அரூர் பக்கம் மேம்பால வேலை நடக்கிறது, அங்கே நின்ற நேரத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஆலப்புழை வந்து சேர மாலை ஐந்து. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கலங்கரை விளக்கத்தில் (1862இல் கட்டியதாம்) ஏறலாம் என்று நினைத்தால் மூடிவிட்டார்கள். கடற்கரையில் பழைய துறைமுகத்துப் பாலத்தின் தூண்கள் மட்டும் கடலுக்குள் வரிசையாக நிற்கின்றன. சின்னவன் வாளியைக் கேட்டான். நன்றாகக் கழுவிக் கொடுத்தேன். இருட்டும்வரை மண் அள்ளினான். அந்தப் பெரிய பையை இன்னும் யாரும் திறக்கவில்லை.

இரண்டாம் நாள்: அரசுப் படகு

ஹவுஸ்போட் நாளைக்குத்தான். இன்றைக்கு ஒரு நாள் சும்மா இருக்கிறதே என்று, தங்கியிருக்கும் வீட்டு அம்மா சொன்னபடி, காலையில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலேயே இருக்கும் ஜெட்டிக்குப் போய் நெடுமுடி போகும் அரசுப் படகில் ஏறினோம். கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை என்று தனியாக ஒரு துறையே இருக்கிறது, தலைமை அலுவலகமும் இதே ஊரில்தான். நம் ஊர் டவுன் பஸ் மாதிரியேதான் எல்லாம். டிக்கெட் கொடுக்கிறார்கள், ஆட்கள் காய்கறிப் பையோடு ஏறுகிறார்கள், ஒருவர் சைக்கிள் டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார். ஆறு பேருக்கும் சேர்த்து ஆன காசு, எங்கள் ஊரில் ஒரு தடவை ஆட்டோ ஏறினால் ஆகிற காசைவிடக் குறைவு.

இதை உல்லாசப் பயணமாகவே நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, பொழுதைப் போக்கத்தான் ஏறினேன். ஆனால் மூணு வாண்டுகளும் வாயைப் பிளந்து உட்கார்ந்துவிட்டார்கள். காரணம், மணி.

முன்னால் சக்கரத்தைப் பிடித்து நிற்பவரை இங்கே ஸ்ராங்கு என்கிறார்கள். அவர் கையில் திசை மட்டும்தான். எஞ்சின் நடுப்படகில், அதற்கு வேறொருவர். இவர் ஒரு கயிற்றை இழுத்தால் அங்கே மணி அடிக்கும், மணியின் கணக்கைக் கேட்டு அவர் வேகத்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார், நிறுத்துகிறார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை! ஒரு மணி நேரத்தில் அக்கா பையன் எத்தனை மணிக்கு என்ன அர்த்தம் என்று கண்டுபிடித்துவிட்டான். அடுத்த ஜெட்டி கண்ணில் பட்டதும் மூணு பேரும் கிசுகிசுப்பாக "இப்ப அடிப்பார், இப்ப அடிப்பார்" என்று காத்திருப்பதும், அடித்ததும் கை தட்டுவதும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேச்சி சிரித்துச் சிரித்துக் கடைசியில் தன் பையிலிருந்து ஆளுக்கொரு ஆரஞ்சு கொடுத்துவிட்டார்.

இன்னொன்று, கயிறு. ஜெட்டி வந்ததும் ஒருவர் முன்னாலும் இன்னொருவர் பின்னாலும் நின்று கரையில் இருக்கிற கட்டையில் கயிற்றை வீசி ஒரே சுற்று சுற்றி இழுத்துப் பிடிக்கிறார்கள். ஆட்கள் இறங்கி ஏறியதும் கையை லேசாகத் தளர்த்தினால் கயிறு தானே கழன்று வந்துவிடுகிறது. முடிச்சே கிடையாது. மகள் அம்மாவின் நூல்கண்டை வாங்கிப் பெஞ்சுக் காலில் இதைச் செய்து பார்த்தாள். முதலில் சிக்கிக்கொண்டது, அப்புறம் வந்துவிட்டது. நெடுமுடி போய்ச் சேர்வதற்குள் அம்மாவின் கால், என் கைப்பை, முன் சீட்டுக்காரரின் குடை எல்லாம் ஒருமுறை கட்டப்பட்டு அவிழ்க்கப்பட்டன.

போகிற வழியெல்லாம் இரண்டு கரையிலும் வீடுகள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தண்ணீருக்குள் இறங்கும் நாலு படி, படியருகில் கட்டிய சின்ன வள்ளம். நம் வீட்டு முன்னால் ஸ்கூட்டர் நிற்பது மாதிரி. கிறிஸ்துமஸ் வருகிறதால் வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம். மகள் நட்சத்திரம் எண்ண ஆரம்பித்து அறுபதில் விட்டுவிட்டாள்.

நெடுமுடியில் இறங்கி டீயும் பழம்பொரியும். திரும்ப பஸ்ஸில் வரலாம் என்று விசாரித்தபோது கடைக்காரர் "ஏ.சி. ரோட்டில் போகும்" என்றார். ஏசி பஸ் என்று குதித்த மகள் வந்து நின்ற சாதா பஸ்ஸைப் பார்த்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். ஆலப்புழை - சங்கனாச்சேரி ரோடு, அதன் சுருக்கம்தான் ஏ.சி.

சாயங்காலம் வீட்டில் டேப்பை நானே எடுத்துக் கொடுத்தேன், கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று. யாரும் தொடவில்லை. கட்டில்தான் படகு, என் அம்மாதான் பயணி, டம்ளரில் கரண்டியால் அடித்தால் அதுதான் மணி. எஞ்சின்காரன் சின்னவன். போர்வைக்குள் இருந்து டுப்டுப்டுப் என்று சத்தம் வருகிறது. அம்மா டிக்கெட் வாங்கியே இறங்கவேண்டியதாயிற்று. நான் கண்ணை மூடவில்லை, அது வேறு விஷயம்.

மூன்றாம் நாள்: ஹவுஸ்போட்

முதலில் சண்டையைச் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டும்போதே மூன்று குழந்தைகள், மூன்று சின்ன லைஃப் ஜாக்கெட் என்று இரண்டு தடவை சொல்லியிருந்தேன், அவர்களும் இருக்கு இருக்கு என்றார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு ஏறினால் எல்லாம் பெரியவர்கள் அளவு. சின்னவனுக்குப் போட்டுப் பார்த்தால் தோளைப் பிடித்துத் தூக்கியதும் ஆள் கீழே நழுவுகிறான், ஜாக்கெட் என் கையில் நிற்கிறது. புக் செய்து கொடுத்தவரோ போனில் "இது ஆழம் இல்லாத இடம் மேடம்" என்கிறார். 2023 மே மாதம் தானூரில் கவிழ்ந்த படகில் 22 பேர் செத்துப்போனார்கள், பாதிக்கு மேல் குழந்தைகள். எனக்கு அந்தச் செய்திப் படங்கள்தான் கண்ணில் நின்றன. ஜாக்கெட் வராமல் படகு கிளம்பக்கூடாது என்று சொல்லிவிட்டு ஜெட்டியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரருக்குச் சங்கடம். முக்கால் மணி நேரம் கழித்து, எங்கள் படகின் சமையல்காரரே பக்கத்துப் படகுகளில் கேட்டு மூன்று சின்னது வாங்கி வந்தார். ஜாக்கெட்டின் கீழ்வாரைத் தொடைக்கு நடுவே கொண்டுவந்து மாட்டிப் பாருங்கள், அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மட்டும் மேலே வந்துவிடும். பிள்ளைகளோடு போகிறவர்கள் ஏறுவதற்கு முன்னால், பாக்கிப் பணம் கொடுப்பதற்கு முன்னால், இதைப் பார்த்துவிடுங்கள்.

கிளம்பிய இடம் புன்னமடைக் காயல், ஃபினிஷிங் பாயிண்ட் என்று பெயர். நேரு கோப்பைப் படகுப் போட்டி முடிகிற இடம். 1952இல் நேரு வந்தபோது அவருக்காகச் சுண்டன் வள்ளங்களை ஓட்டிக் காட்டினார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர் பாதுகாப்பை எல்லாம் மறந்து ஜெயித்த வள்ளத்திலேயே தாவி ஏறிவிட்டாராம். நூறடிக்கும் நீளமான வள்ளம், நூறு பேர் துடுப்புப் போடுவார்கள் என்று சமையல்காரர் சேட்டன் சொன்னதும் மூணு பேரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு கரண்டியால் துடுப்புப் போட்டார்கள். இருபது நிமிஷம் போயிற்று.

அப்புறம் "அடுத்து என்ன?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தென்னை மரம், தண்ணீர், வானம், மெதுவாக நகரும் கரை, இதெல்லாம் நமக்குத்தான். நான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஆகா என்று பெருமூச்சு விடுகிற அதே காட்சி, பத்து நிமிஷத்துக்கு மேல் சின்னவனுக்கு ஒன்றுமே நடக்காத ஒரு டிவி. பையைத் திறந்தேன். 24 கலர் பென்சிலையும் மகள் அழகாக வரிசையில் அடுக்கினாள், எதிரே ஒரு படகு வேகமாகப் போனதில் எங்கள் படகு ஒரு பக்கம் லேசாகச் சாய, பதினொன்று உருண்டு வேம்பநாட்டுக் காயலில் போய் விழுந்தன. களிமண் வெயிலில் காய்ந்துவிட்டது. ஊனோ சீட்டு காற்றில் பறந்தது. இந்தியாவிலேயே நீளமான ஏரி, 96 கிலோமீட்டர், அதில் என் பங்குக்கு நான் போட்ட குப்பை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

காப்பாற்றியவர் ஸ்ராங்கு சேட்டன். சக்கரத்தைப் பிடிக்கணும் என்று கேட்ட சின்னவனிடம் அது முடியாது என்று தலையாட்டிவிட்டு, ஹாரனைக் காட்டி, "இது மோனோட ஜோலி" என்றார். வளைவு வந்தால் அவர் விரலைத் தூக்குவார், இவன் அடிக்கவேண்டும். விரலைத் தூக்காதபோது அடித்தால் வேலை போய்விடும். ஒரே ஒரு தடவை தப்பாக அடித்தான், ஐந்து நிமிஷம் சஸ்பெண்ட் ஆனான், அதற்கப்புறம் அந்த விரலைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. நான் அவனை ஒரே இடத்தில் ஒன்றரை மணி நேரம் பார்த்ததே இதுதான் முதல் தடவை, தூக்கத்தைத் தவிர.

மகள் சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கே அவளுக்குச் சின்ன வெங்காயம் உரிக்கிற வேலை, அப்புறம் நேந்திரம் பழத்தை நீளவாக்கில் சீவுகிற வேலை. வீட்டில் ஒரு தட்டை எடுத்து வைக்க மாட்டாள். நாலு மணிக்கு அந்தப் பழம்பொரி வந்தபோது "இது நான் சீவினது, இதுவும் நான் சீவினது" என்று ஒவ்வொன்றாகக் காட்டித்தான் சாப்பிட விட்டாள். மதியம் வந்த கரிமீனைப் பற்றியும் ஒரு வார்த்தை: ருசி அபாரம், முள் அநியாயம், அக்கா பையன் தவிர மற்ற இரண்டு பேருக்கும் நான்தான் முள் எடுத்தேன், என் மீன் ஆறிப்போனது.

அக்கா பையனுக்குப் பறவைக் கணக்கு. இடக்கரை அவனுக்கு, வலக்கரை வீட்டுக்காரருக்கு. கொக்குக்கு மதிப்பெண் கிடையாது, அது எங்கே பார்த்தாலும் இருக்கிறது. மீன்கொத்திக்கு ஒன்று, செம்பருந்துக்கு இரண்டு, பாம்புத்தாராவுக்கு ஐந்து. நீர்க்காகம் கட்டையில் உட்கார்ந்து துணி காயப்போட்ட மாதிரி இறக்கையை விரித்து வைத்திருப்பதைப் பார்த்து ஏன் என்று கேட்டான். வாத்து இறகில் தண்ணீர் ஒட்டாது, இதன் இறகு நனையும், நனைந்தால்தான் முழுகி மீன் பிடிக்கச் சௌகரியம், அதனால் மேலே வந்ததும் காயவைத்தாக வேண்டும். எனக்குத் தெரிந்த பறவை விஞ்ஞானம் அவ்வளவுதான், அது இன்றைக்கு உதவியது. 43க்கு 38 என்று அவனே ஜெயித்தான். இவர் கடைசி அரைமணி நேரம் தூங்கிவிட்டார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஐந்தரைக்குப் படகைக் கரையில் கட்டிவிட்டார்கள். அதற்கு மேல் மீனவர்கள் வலை போடுகிற நேரம், ஹவுஸ்போட் ஓடக்கூடாது. கட்டிய இடம் ஒரு நீளமான வரப்பு, இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் வயல். இறங்கி நடந்தோம். மகள் திடீரென்று நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அம்மா, வயல் பள்ளத்துல இருக்கு, ஆறு மேல இருக்கு" என்றாள். நான் அதுவரை கவனிக்கவே இல்லை.

குட்டநாடு என்கிற இந்தப் பகுதி முழுக்க இப்படித்தான். காயலுக்கு வரப்புப் போட்டு வளைத்து, உள்ளே இருந்த தண்ணீரை இறைத்துவிட்டு அந்தச் சேற்றில் நெல் போடுகிறார்கள். சில இடங்களில் கடல் மட்டத்துக்கு இரண்டு மீட்டருக்கும் கீழே. உலக உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் இதை உலகப் பாரம்பரிய விவசாய முறையாகச் சேர்த்திருக்கிறது. இதையெல்லாம் நான் சொல்லிப் பார்த்தேன், சின்னவன் கொட்டாவி விட்டான். சமையல்காரர் சேட்டன் எங்கள் பச்சை வாளியில் பாதித் தண்ணீர் எடுத்தார், சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் கிண்ணம் கொண்டுவந்தார். கிண்ணத்தை வாளித் தண்ணீரில் விளிம்பு முழுகாமல் அமுக்கிப் பிடித்து, "இப்ப கிண்ணத்துக்குள்ள பாரு" என்றார். சுற்றித் தண்ணீர் மேலே நிற்கிறது, கிண்ணத்தின் அடி உலர்ந்திருக்கிறது. "கிண்ணத்தோட விளிம்புதான் வரம்பு. உள்ள இருக்கறது வயல்." அப்புறம் கொஞ்சம் தண்ணீர் உள்ளே தெளித்து, கரண்டியால் எடுத்து வெளியே ஊற்றச் சொன்னார். அதுதான் மோட்டார். இங்கே அதற்குப் பெட்டியும் பறையும் என்று பெயர், மரத்தாலான பெரிய பறை மாதிரி ஒன்றும் பெட்டி மாதிரி ஒன்றும், தண்ணீரைத் தூக்கி ஆற்றில் கொட்டும்.

அரைமணி நேரம் மூவரும் விவசாயம் பார்த்தார்கள். கிண்ணம் நாலு தடவை முழுகியது. முழுகும்போதெல்லாம் "மடை உடைஞ்சுருச்சு, மடை உடைஞ்சுருச்சு" என்று சின்னவன் ஊரைக் கூட்டினான்.

இருட்டுகிற நேரத்தில் அவன் செருப்பு ஒன்று தண்ணீரில் விழுந்தது. மிதித்தால் சிவப்பு லைட் எரிகிற செருப்பு. விழுந்த அதிர்ச்சியில் மினுக்க ஆரம்பித்து, மினுக்கிக்கொண்டே ஆகாயத்தாமரைக் கூட்டத்துக்குள் போயிற்று. அழுவான் என்று பார்த்தால், "படகு போகுது" என்று குதிக்கிறான். எஞ்சின் தம்பி நீள மூங்கில் கழியை எடுத்து இலைகளைத் தள்ளித் தள்ளி அதைக் கரைக்கு ஓட்டினார். பக்கத்துப் படகுக்காரர்களும் செல்போன் வெளிச்சம் அடித்து, "இடது, இடது, இன்னும் இடது" என்று வழி சொல்ல, பத்து நிமிஷ வேட்டை. மீட்கப்பட்ட செருப்புக்கு எல்லாப் படகிலும் கைதட்டல். இன்றைக்கு நான் கொடுத்த காசுக்கு இவர்களுக்குக் கிடைத்த பெரிய சினிமா அதுதான் என்று நினைக்கிறேன்.

ஏசி ஒன்பது மணிக்குத்தான் போடுவார்கள். அதுவரை பொழுது போக அம்மா சாக்பீஸால் தரையில் தாயக்கட்டம் போட உட்கார்ந்தார், சேட்டன் அதைப் பார்த்துவிட்டு எட்டுக்கு எட்டாகச் சதுரங்கக் கட்டம் போடச் சொன்னார். பக்கத்து ஊரான அம்பலப்புழையின் கோயில் கதை. இந்தப் பகுதி ராஜாவோடு ஒரு சாமியார் சதுரங்கம் ஆடினாராம். ஜெயித்தால் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நாலு, இப்படி 64 கட்டத்துக்கும் இரட்டித்துக்கொண்டே போகவேண்டும், அவ்வளவுதான் கேட்டார். ராஜா சிரித்தார், தோற்றார், அளக்க ஆரம்பித்தார்.

சமையலறையிலிருந்து ஒரு டம்ளர் பச்சைப்பயறு வந்தது. முதல் வரிசை முடிய 255. ஒன்பதாவது கட்டம் 256, அதற்கே இரண்டு சண்டை. பத்தாவது கட்டத்துக்கு 512 எண்ணிக்கொண்டிருக்கும்போது சின்னவன் தும்மினான். அத்தோடு ராஜா திவால். போனில் பெருக்கிப் பார்த்த அக்கா பையனுக்கு எண் திரைக்குள் அடங்கவில்லை, கடைசியில் தாளில் எழுதி எழுதி நானும் அவனும் கண்டுபிடித்தோம்: 1,84,467 கோடி கோடிக்கும் மேல். சாமியார் உருவில் வந்தவர் கிருஷ்ணர், நெல்லைக் கொடுத்து முடிக்க முடியாது, அதனால் கடன் தீரும்வரை தினமும் கோயிலில் பாயசம் கொடு என்று சொல்லிவிட்டுப் போனாராம். "இன்னும் தீரலையா?" என்றாள் மகள். நாளைக்குப் போய்ப் பார்த்துவிடலாம் என்றேன்.

எழுதும்போது மணி பத்தரை. சுற்றி இருட்டில் படகுக்குப் படகு ஒரு காகித நட்சத்திரம், தண்ணீரில் இன்னொன்று. மூவரும் தூங்கிவிட்டார்கள். கொசு என்னை மட்டும் கடிக்கிறது.

நான்காம் நாள்: வாத்தும் பாயசமும்

காலை ஆறரைக்கு ஒரு சின்ன வள்ளம் வந்தது, தனிக் காசு. துடுப்புப் போடுகிறவர் ஒரு தாத்தா. பெரிய படகு நுழைய முடியாத கைத்தோடுகளில், அதாவது சின்ன வாய்க்கால்களில், ஒரு மணி நேரம். தண்ணீர் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்ததாலோ என்னவோ, மூணு பேரும் பேசவே இல்லை. பாத்திரம் துலக்குகிற பெண்கள், படியில் பல் விளக்குகிற ஆள், அவர் துப்புவதற்காக நாங்கள் தாண்டும்வரை வாயை மூடிக் காத்திருந்தார்.

ஒரு வளைவு திரும்பியதும் தோடு முழுக்க வாத்து. நூற்றுக்கணக்கில், கரைக்குக் கரை. பின்னால் ஒருவர் ஒற்றை ஆள் வள்ளத்தில் நின்றபடி துடுப்பால் தண்ணீரை அறைந்து அறைந்து ஓட்டுகிறார். கிறிஸ்துமஸுக்கு வாத்துக்கறிதான் இங்கே விசேஷம், ஆனால் அதை நான் அந்த நேரத்தில் சொல்லவில்லை. தாத்தா துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வள்ளம் நின்றது. வாத்துகள் எங்கள் இரண்டு பக்கமும் பிரிந்து போயின, ஒன்று சின்னவன் கைக்கு ஒரு சாண் தூரத்தில் அவனை முறைத்துவிட்டுப் போனது. அவன் பயந்து அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டான், ஆனால் தலையைத் திருப்பவில்லை.

ஒன்பது மணிக்கு ஹவுஸ்போட்டைக் காலி செய்யவேண்டும். இறங்கும்போது சின்னவன் ஸ்ராங்கு சேட்டனிடம் "நாளைக்கு யார் ஹாரன் அடிப்பா?" என்று கேட்டான். நிஜமான கவலை.

அம்பலப்புழை ஆலப்புழையிலிருந்து தெற்கே 14 கிலோமீட்டர். கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றவேண்டும், அக்கா பையன் வெட்கப்பட்டுத் தூணுக்குத் தூண் மறைந்து மறைந்து வந்தான். பாயசம் மதியப் பூஜைக்கு அப்புறம்தான், கூப்பன் வாங்க நல்ல வரிசை. பால், அரிசி, சர்க்கரை, இவ்வளவுதான் உள்ளே, மணிக்கணக்கில் காய்ச்சிக் காய்ச்சி லேசான ரோஜா நிறத்துக்கு வந்துவிடுகிறது. சின்னவன் இரண்டு டம்ளர். குடித்து முடித்த மகள் "இப்ப கடன்ல எவ்வளவு கழிஞ்சிருக்கும் சொல்லுங்க" என்றாள். அக்கா பையன் ஒரு படிக்கு எத்தனை நெல் என்று ஆரம்பித்து, ஹோட்டல் வரும்வரை கணக்குப் போட்டான். கணக்கு முடியவில்லை.

ஐந்தாம் நாள்: வைக்கம் வழியாக வீடு

இன்று ஊர் திரும்பல். சேர்த்தலைப் பக்கம் கொஞ்சம் விலகி தவணக்கடவில் வண்டியை நிறுத்திவிட்டு, காயலைத் தாண்டி வைக்கம் போகிற சோலார் படகில் ஏறினோம். ஆதித்யா என்று பெயர், 2017இல் விட்டது, நாட்டிலேயே முதல் சூரிய மின்சாரப் பயணிகள் படகு, 75 பேர் உட்காரலாம். கால் மணி நேரம்தான். புகை இல்லை, சத்தம் இல்லை, எனக்கு ரொம்பப் பிடித்தது. பிள்ளைகளுக்கு ஏமாற்றம். டுப்டுப் இல்லை! அம்மா பாதி வழியில் என் காதருகே குனிந்து, "எஞ்சின் நின்னு போச்சா கண்ணு, சும்மா மிதந்து போகுதா?" என்று கேட்டார்.

வைக்கம் போனதற்குக் காரணம் எங்கள் ஊர்ப் பாசம். மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தப்பட்டவர்கள் நடக்கக்கூடாது என்றிருந்ததை எதிர்த்து 1924 மார்ச்சில் தொடங்கிய போராட்டம், தலைவர்களை எல்லாம் ஜெயிலில் போட்டுவிட்டதால் ஈரோட்டிலிருந்து பெரியார் வந்து நடத்தினார், இரண்டு முறை சிறை போனார். அவர் நினைவகத்தைப் புதுப்பித்து 2024 டிசம்பரில் திறந்திருக்கிறார்கள். ஆட்டோ பிடித்துப் போனோம். அக்கா பையன் எழுதியிருந்ததையெல்லாம் நின்று படித்தான். மகள், "ரோட்டுலயேவா நடக்கக் கூடாது? நாம இப்ப வந்த ரோட்டுலயா?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஆமாம் என்றேன். திரும்பும்போது ஆட்டோ வேண்டாம், நடந்தே படகுத் துறைக்குப் போகலாம் என்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது. நடந்தோம்.

திரும்பும் படகில் சின்னவன் ஒரு டம்ளரும் கரண்டியும் வேண்டும் என்று அடம் பிடித்தான். இந்தப் படகுக்கு மணி இல்லை, நாமாவது அடிக்க வேண்டாமா என்பது அவன் கட்சி.

பிள்ளைகள் பையை வண்டியில் கடைசியாகத் தூக்கி வைத்தபோது பார்த்தேன். டேப்பில் சார்ஜ் 100. பென்சில் 13. வாளிக்குள் நூல்கண்டு, சாக்பீஸ் துண்டு, ஒட்டிக்கொண்ட ஐந்தாறு பச்சைப்பயறு. வாளியைக் கழுவி சின்னவன் காலடியில் வைத்தேன், அதன் பழைய வேலைக்கு. வழியில் தேவைப்படவில்லை.

இருட்டியபின் குதிரான் வந்தது. பின்னால் மூன்று தலையும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூக்கம், அம்மாவும் தூக்கம். சுரங்க வெளிச்சம் உள்ளே விழுந்ததும் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பாதியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கடைசிவரை பிடித்தாராம். நம்பவில்லை, மூக்கைச் சரியாகக் கவனிக்கவில்லை.